மருந்தடிக்கும்போது ஆள் சாய்ந்தால்: வண்டி வரும்வரை என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

கொல்லிமேடு (அணைக்கட்டு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க கத்திரி, மல்லாட்டை (வேர்க்கடலை), கொஞ்சம் நெல். மருந்தடிக்கிற செட்டு ஒண்ணு, ஆறு பேர், சுத்துப்பட்டு கொல்லிங்களுக்கெல்லாம் (நிலங்களுக்கெல்லாம்) போவுது. அவங்களுக்காக பம்ப்செட் ரூம் செவுத்துல ஒட்ட ஒரு பக்கத் தாளும், கூடவே ஒரு பெட்டியும் தயார் பண்றோம். ஆளுக்கொரு யோசனை சொல்றதால தாள் நகரல.

கத்திரியில குருத்துப்புழு, காய்ப்புழுவுக்கு புரோபனோபாஸ் 40 + சைபர்மெத்ரின் 4 இசி, குளோர்பைரிபாஸ் 50 + சைபர்மெத்ரின் 5 இசி, லாம்டா சைஹலோத்ரின், எமாமெக்டின் எல்லாம் மாத்தி மாத்தி ஓடுது. வரப்புக் களைக்கு பாராகுவாட். எல்லாமே 16 லிட்டர் முதுகு டேங்க், பேட்டரி மிஷின்.

குழப்பம் இங்கதான்:

சித்திரை வெயில்ல ஆள் வேர்த்துக் கொட்டி மயங்குறான். இது வெயிலா, மருந்தா? கொல்லியில நின்னபடி எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

வாய்க்குள்ள போயிருந்தா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கணும்னு பாதிப் பேர் சொல்றாங்க. மருந்து டப்பாவோட வர்ற துண்டுத் தாளிலயும் வாந்தி எடுக்க வைன்னு அச்சடிச்சிருக்கு. டாக்டருங்க கூடாதுங்கறாங்க. தாளுல எதை எழுத?

பெட்டியில விஷ முறிவுக்குப் போடற அட்ரோபின் ஊசி வாங்கி வைக்கலாமா?

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல நிறுத்தணுமா, நேரா அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணுமா?

---

கேஷுவாலிட்டி டூட்டி பதில்:

நல்ல வேலை செய்றீங்க. உங்க கேள்வி வரிசையை விட்டுட்டு, கொல்லியில என்ன வரிசையில நடக்குமோ அப்படியே சொல்றேன்.

ஆள் தடுமாறினதும் டேங்க்கை இறக்கிட்டு, காத்து வர்ற திசைப் பக்கமா, மருந்து அடிக்காத நிழலுக்குக் கொண்டு போங்க. தூக்குறவங்க கையில உறை இருக்கணும். இல்லன்னா உர மூட்டையோட உள்பை ரெண்டைக் கையில மாட்டிக்குங்க. வெறுங்கையால தூக்கினா கொஞ்ச நேரத்துல ரெண்டாவது ஆளும் படுக்க வேண்டியதுதான்.

அடுத்தது துணி. இங்கதான் அரைகுறையா விட்டுடறாங்க. சட்டையைத் தலை வழியா உருவாதீங்க, மருந்து கண்ணுலயும் வாயிலயும் தேயும். முன்பக்கமா கத்தரியால வெட்டி எடுங்க. லுங்கி, உள்ளாடை, தலையில கட்டின துண்டு எல்லாத்தையும் எடுக்கணும். வெட்கப்பட்டு உள்ளாடையை விட்டுடாதீங்க. உடம்புல எந்த இடத்துத் தோல் எவ்வளவு உறிஞ்சும்னு பராத்தியான்ங்கற பூச்சி மருந்தை வச்சுப் பார்த்த பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. முன்கையில பட்டது 8.6 சதவீதம் உள்ள போச்சு. தலைத்தோல்ல 32, நெத்தியில 36, அக்குள்ல 64. விதைப்பை பக்கம் பட்டதுல கிட்டத்தட்ட முழுசும் உள்ள போயிடுச்சு. டேங்க் மூடியில வாஷர் போனா மருந்து முதுகு வழியா வடிஞ்சு நேரா அங்கதான் இறங்கும்.

அருணாக்கொடியை மறக்காதீங்க. பருத்திக் கயிறு மருந்தைக் குடிச்சு இடுப்பைச் சுத்தி ஈரமா நிக்கும். அதை வெட்டிடணும். தாயத்துக் கயிறு, மணிக்கட்டுக் கயிறு, பெண்கள்னா மஞ்சள் கயிறு எல்லாமே அப்படித்தான். தாலியைக் கழட்ட மனசு வராதுன்னா கயிறை மாத்திட்டு, பொட்டை சோப்பு போட்டுக் கழுவிக் கொடுத்துடலாம். தோல் பெல்ட்டும் தோல் செருப்பும் மருந்து குடிச்சா அப்புறம் எவ்வளவு கழுவினாலும் போகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஆம்பூர்ல செஞ்சதா இருந்தாலும் சரி.

அப்புறம் கழுவல். சாதா சோப்பு, பச்சைத் தண்ணி, 15 முதல் 20 நிமிஷம். தலையிலேருந்து ஆரம்பிங்க: முடி, காது மடலுக்குப் பின்னாடி, கழுத்து, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, நக இடுக்கு. நார் போட்டுத் தேய்க்காதீங்க, தோல் சிராய்ஞ்சா இன்னும் வேகமா உள்ள போகும். வெந்நீரும் கூடாது. அது தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை உள்ள இழுக்கும். மோட்டார் ஓடினா ஹோஸ் பைப்பே போதும். ஆனா த்ரீ பேஸ் எப்ப இருக்கும்னு சொல்ல முடியாது. அதனால நூறு லிட்டர் டிரம் ஒண்ணு, அடியில டேப் வச்சு, நிழல்ல எப்பவும் நிரம்பி இருக்கணும். பெட்டிக்குள்ள என்ன வைக்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி இந்த டிரம்மை வச்சுடுங்க.

கண்ணுல பட்டிருந்தா இமையை விரலால விரிச்சுப் பிடிச்சு, மூக்குப் பக்கத்திலேருந்து வெளிப்பக்கமா மெதுவா 15 நிமிஷம் தண்ணி ஓடணும். ஒரு லிட்டர் பாட்டில் நிமிஷத்துல தீர்ந்துடும், குடமும் சொம்பும் வேணும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பழைய கண் சொட்டு மருந்து எதுவும் விடக்கூடாது.

வெயிலா மருந்தான்னு கேட்டீங்க. வெயில் மயக்கத்துலயும் வேர்க்கும், தலை சுத்தும், குமட்டும். ஆனா வாய் வறண்டு தாகம் எடுக்கும், நாடி வேகமா ஓடும், நிழல்ல படுக்க வச்சு உடம்பை நனைச்சா அரை மணியில தெளிய ஆரம்பிக்கும். ஆர்கனோபாஸ்பேட் மருந்துன்னா (உங்க பட்டியல்ல புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ்) எல்லாம் ஒழுகும்: எச்சில், கண்ணீர், மூக்கு, வேர்வை. வயித்தை முறுக்கும், வாந்தி, பேதி, தன்னை அறியாம சிறுநீர். நெஞ்சுல இறுக்கம், மூச்சுல கீச்சு சத்தம், தொண்டையில கொர கொரன்னு சளி. நிழல்லயும் கண்மணி குண்டூசி முனையா சுருங்கி நிக்கும், பார்வை மங்கும். கண் இமை, நாக்கு, ஆடுசதை தோலுக்கு அடியில புழு நெளியுற மாதிரி துடிக்கும். இந்தத் துடிப்பு வெயில்ல வராது. கண்மணி பெருசா இருக்கே, மருந்தா இருக்காதுன்னு முடிவு கட்டாதீங்க. சில பேருக்கு சுருங்காது. நாடியும் அப்படித்தான், மெதுவாவும் போகலாம், வேகமாவும் போகலாம்.

பிரிச்சுப் பார்க்க முடியலன்னா மருந்துன்னே வச்சுக்குங்க. துணியை எடுத்துக் குளிப்பாட்டினா வெயில்ல விழுந்தவனுக்கும் அதுதான் வைத்தியம், எதுவும் கெட்டுப் போகாது. மருந்தை வெயில்னு நினைச்சு மோர் கொடுத்துப் படுக்க வச்சாதான் வினை.

இன்னொண்ணு. தோல் வழியா போன மருந்து உடனே காட்டாது. காலையில அடிச்சவனுக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு வாந்தி வரலாம். 12 மணி நேரம், சில மருந்துக்கு அதுக்கு மேலயும் ஆகும். அதனால மேல ஊத்திக்கிட்டவனை அன்னிக்கு ராத்திரி தனியா படுக்க விடாதீங்க. சாராயம் போட்டாத்தான் மருந்து வேகம் இறங்கும்னு ஒரு பேச்சு இருக்கு. குடிச்சா அடையாளமே தெரியாமப் போகும்.

---

பாலாறு பாசனம் பதில்:

தம்பி, சிஸ்டர் சொன்னதெல்லாம் சரி. ஆனா வாந்தி விஷயத்துல ஒரு சந்தேகம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு கரண்டி உப்பு, இல்லன்னா தொண்டையில விரல் விட்டு வாந்தி. காலங்காலமா இதானே முதலுதவி? வயித்துல இருக்கறது வெளிய வந்தா நல்லதுதானே. கம்பெனிக்காரனே துண்டுத் தாள்ல போட்டிருக்கான், அரசாங்கம் ஒப்புதல் கொடுத்த தாள் அது. அணைக்கட்டிலேருந்து பெரியாஸ்பத்திரி போக முக்கால் மணி ஆனா அதுவரைக்கும் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கறதா?

---

கேஷுவாலிட்டி டூட்டி பதில்:

ஐயா, துண்டுத் தாள்ல அப்படி இருக்கறது உண்மைதான். பழைய வாசகம், இன்னும் மாத்தாம அடிச்சுக்கிட்டே வர்றாங்க. நச்சு மருத்துவம் பார்க்கறவங்க வீட்டுல வாந்தி எடுக்க வைக்கிறதைக் கைவிட்டு ரொம்ப வருஷமாச்சு. ஏன்னு சொல்றேன்.

நம்ம பக்கம் அடிக்கிற மருந்துல பாதிக்கு மேல இசி. தண்ணியில ஊத்தினா பால் மாதிரி வெள்ளையாகுதே, அதுதான். அதுல மருந்தோட சைலீன் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் கலந்திருக்கு. வாந்தி எடுக்கும்போது அது ஒரு சொட்டு நுரையீரலுக்குள்ள போனாலும் ரசாயன நிமோனியா. வயித்துல இருந்த ஒரு வில்லங்கம் மூச்சுக்குழாயில ரெண்டாயிடும். ஆர்கனோபாஸ்பேட்டுன்னா நினைவு எந்த நிமிஷமும் தப்பலாம், வலிப்பு வரலாம். விரல் விட்டுக்கிட்டு இருக்கும்போதே மயங்கினா வாந்தி முழுக்க நெஞ்சுக்குள்ளதான். பாராகுவாட்டும் அமிலமும் போகும்போது ஒரு தடவை தொண்டையைப் புண்ணாக்கும், வரும்போது இன்னொரு தடவை.

உப்புத் தண்ணி அதைவிட மோசம். வாந்தி வராம அது உள்ளயே தங்கிட்டா ரத்தத்துல சோடியம் ஏறி மூளையைத் தாக்கும், குழந்தைன்னா அதுவே உயிரை எடுக்கும். சாணிக் கரைசல், சோப்புத் தண்ணி, புளிக்கரைசல், நல்லெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு எல்லாத்துக்கும் இதே பதில்தான். பால் விஷத்தை முறிக்கும்னு நம்பிக்கை. இந்த மருந்துங்க கொழுப்புல கரையற சாதி, பால் அதுங்களை முறிக்காது, வயித்தை நிரப்பி வாந்திக்கு வழி பண்ணும்.

சும்மா பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்லல ஐயா. வாயைத் தண்ணி விட்டுக் கொப்பளிச்சுத் துப்ப வைங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மேல் காலை மடக்கி, முகத்தைக் கொஞ்சம் கீழ் நோக்கிச் சாய்ங்க. தானா வாந்தி வந்தா வெளிய வடியும். இடது பக்கம் ஏன்னா இரைப்பையோட பெரிய பை அந்தப் பக்கம் இருக்கு. சரக்கு அங்கேயே தேங்கி குடலுக்கு மெதுவா போகும். வாயில நுரை, சளி நின்னா துணி சுத்தின விரலால வழிச்சு எடுங்க. வலிப்பு வந்தா பல்லுக்கு நடுவுல கரண்டி, சாவி எதையும் திணிக்காதீங்க.

மூச்சு நின்னுட்டா நெஞ்சை அமுக்குங்க: நடு நெஞ்சு, 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120. மருந்து விழுங்கின ஆளுக்கு வாயோடு வாய் வச்சு ஊதாதீங்க. பேக் மாஸ்க் இருந்து, பழகினவங்க இருந்தா அதுல மூச்சு கொடுக்கலாம்.

---

உரக்கடை மூலை பதில்:

மருந்துப் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சேர்க்கிறேன். ‘என்ன மருந்து?’ என்று மருத்துவர் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘பூச்சி மருந்து’, ‘வெள்ளை டப்பா’, அல்லது கம்பெனிப் பெயர். இவை எதற்கும் உதவாது. வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் தொழில்நுட்பப் பெயரும் சதவீதமும்தான் தேவை. லேபிளின் இரு பக்கமும், துண்டுத் தாளும், பேட்ச் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஆம்புலன்ஸில் போகிறவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். டப்பாவையே கொண்டுபோவதானால் மூடியை இறுக்கி, இரண்டு பைக்குள் போட்டு, ஆள் உட்காரும் இடத்தில் வைக்காமல் கொண்டுபோங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ மாற்றி ஊற்றி வைத்திருந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். குழந்தைகள் விழுங்குவதும் பெரும்பாலும் அப்படி மாற்றி வைத்த பாட்டிலிலிருந்துதான்.

லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். கீழ் முக்கோணத்தின் நிறம் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அடுத்தது, பிறகு நீலம், பச்சை. எலிக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்த அளவில் கிலோ எடைக்கு 50 மி.கி. வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. இது 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளில் உள்ள வகைப்பாடு. ஆனால் நிறத்தை வைத்து முதலுதவியைத் தள்ளிப்போடாதீர்கள். கரைப்பான் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை அந்த முக்கோணம் சொல்லாது.

உங்கள் பட்டியலில் உள்ளவற்றுக்கு வருகிறேன். புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் இரண்டும் ஆர்கனோபாஸ்பேட். நரம்பு முனையில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். சிஸ்டர் சொன்ன ஒழுகலும் துடிப்பும் அதனால்தான். கார்போபியூரான், கார்போசல்பான் போன்ற கார்பமேட்டுகளும் இதே அடையாளம் காட்டும், பிடி மட்டும் சீக்கிரம் விடும். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிப் பயிருக்கு 2005 முதலே தடை, 36 எஸ்எல் 2023-ல் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. பரணில் பழைய பாட்டில் கிடந்தால் ‘மிச்சம் வீணாகிறதே’ என்று கத்திரிக்கு ஊற்றவேண்டாம்.

சைபர்மெத்ரினும் லாம்டாவும் பைரித்ராய்டு. மருந்தடித்து அரைமணியோ சில மணி நேரமோ கழித்து முகத்திலும் கழுத்திலும் மிளகாய்த்தூள் பட்டதுபோல் சுரீரென்று எரியும், எறும்பு ஊரும். வெயிலில் நின்றாலும் வெந்நீர் பட்டாலும் அதிகமாகும். சோப்பு போட்டுப் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகு எரிகிற இடத்தில் வைட்டமின் ஈ எண்ணெய் தடவலாம். இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் உங்களிடம் இருப்பது கலவை மருந்து. எரிச்சல் மட்டும்தான் என்று விட்டுவிடாமல் கூடவே இருக்கும் ஆர்கனோபாஸ்பேட்டுக்கான அடையாளங்களையும் பாருங்கள். கழுவாமல் எண்ணெய் தடவினால் மருந்தைத் தோலோடு ஒட்டவைத்த கதையாகிவிடும்.

பாராகுவாட் வேறு ஜாதி. விழுங்கியவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், வாய் மட்டும் புண்ணாக இருக்கும்; சிறுநீரகமும் நுரையீரலும் பிறகுதான் பாதிக்கப்படும். முறிவு மருந்து கிடையாது, ஆகவே எவ்வளவு குறைவாக விழுங்கியிருந்தாலும் அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போகவேண்டும். 108-ல் ஏறியதும் ‘பாராகுவாட்’ என்று சொல்லிவிடுங்கள். மற்ற விஷங்களுக்குத் தாராளமாகக் கொடுக்கும் ஆக்சிஜனை இதில் அளந்துதான் கொடுப்பார்கள், ஆக்சிஜனே நுரையீரல் புண்ணை வளர்க்கும். தோலில் பட்டால் உடனே கழுவவேண்டும். வெடிப்பு, சிரங்கு, முள் கிழித்த காயம் இருந்த இடம் என்றால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இலவம்பாடி முள்கத்திரி போடுகிறவர்கள் கையில் கிழிசல் இல்லாத நாள் ஏது?

எலிப் பசையில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்ததற்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு, பழைய சரக்கு வீட்டு மூலையில் இருக்கும். அதுவும் இப்படித்தான்: ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது, பிறகு கல்லீரல் போகும். தானியத்தில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்றால் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும். வாந்தியிலிருந்தும் வாயு வரும், வண்டி ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

---

நைட் ஷிப்ட் 108 பதில்:

வண்டிப் பக்கம் நாலு வார்த்தை.

108 அடிக்கும்போது ‘மருந்து குடிச்சுட்டாங்க’ன்னு மட்டும் சொல்லிக் கட் பண்ணாதீங்க. மேல பட்டதா, விழுங்கினதா, எத்தனை மணிக்கு, என்ன மருந்து, பேசுறாரா, மூச்சு எப்படி. இவ்வளவும் ஒரு நிமிஷம்தான். கொல்லிக்கு வழி சொல்லும்போது ‘வேப்பமரம் தாண்டி’ன்னா ராத்திரியில எந்த வேப்பமரம்? தார் ரோட்டுல டார்ச்சோட ஒரு ஆள் நிக்கட்டும். பம்ப்செட் ரூம் லொக்கேஷனை இப்பவே எடுத்து செட்டு ஆளுங்க எல்லார் போன்லயும் போட்டு வைங்க.

பைக்குல நடுவுல உட்கார வச்சு, பின்னாடி ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வர்றது ரொம்ப நடக்குது. தலை முன்னாடி தொங்கும், மூச்சுவழி மடங்கும், சளியும் வாந்தியும் போக இடமிருக்காது. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது நீலம் பூத்திருக்கும். வேற வழியே இல்லன்னா ஷேர் ஆட்டோ, மினி டெம்போ எதுலயாவது இடது பக்கம் படுக்க வச்சுக் கொண்டு வாங்க.

சுகாதார நிலையமா, பெரியாஸ்பத்திரியான்னா, மூச்சைப் பார்த்து முடிவு பண்ணுங்க. நெஞ்சுல சளி கொர கொரங்குது, மூச்சு திணறுது, நினைவு தப்புதுன்னா வழியில எந்த சுகாதார நிலையம், எந்த அரசு ஆஸ்பத்திரி முதல்ல வருதோ அங்க நிறுத்துங்க. அட்ரோபின் ஆரம்பிச்சு, சளி உறிஞ்சி, ஆக்சிஜன் போட்டு அனுப்பினாத்தான் அடுத்த 20 கிலோமீட்டரைத் தாங்குவாங்க. ஆள் தெளிவா இருக்கார், மூச்சு சுத்தமா இருக்குன்னா நேரா வென்டிலேட்டர் இருக்கற இடத்துக்கு: அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, இல்ல சிஎம்சி. 108-ல வந்தா இந்த முடிவை வண்டியில இருக்கறவர் எடுத்துடுவார், அவரோட சண்டை போடாதீங்க.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலை ஊருன்னா ஆம்புலன்ஸ் மேல ஏறி வரட்டும்னு உட்கார்ந்திருக்காதீங்க. போன் போட்டுட்டு, குளிப்பாட்டி, கிடைச்ச வண்டியில கீழ இறங்க ஆரம்பிச்சுடுங்க, நடுவழியில மாத்திக்கலாம். அவசரத்துல கழுவாமலேயே ஏத்திடறாங்க. மூச்சு நல்லா இருந்தா துணியை எடுத்து நாலு குடமாவது ஊத்திட்டு ஏத்துங்க. மூச்சு மோசமா இருந்தா துணியை மட்டும் வெட்டி எடுத்துட்டு, வேட்டி சுத்திக் கிளப்புங்க.

---

கொல்லிமேடு (அணைக்கட்டு) பதில்:

எல்லாருக்கும் நன்றி. வாந்தி வரியை அடிச்சுட்டேன். இன்னும் மூணு இருக்கு. அட்ரோபின் பெட்டியில வைக்கலாமாங்கறதுக்கு நேர் பதில் வரல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த ஆள் எத்தனை நாள் கழிச்சு மறுபடி டேங்க் தூக்கலாம்? அப்புறம், ஆஸ்பத்திரி போனா போலீஸ் கேஸ் ஆயிடும்னு சிலர் வர மறுக்கறாங்க, அதுக்கு என்ன சொல்ல?

---

கேஷுவாலிட்டி டூட்டி பதில்:

அட்ரோபின் வேண்டாம். இங்க கிடைக்கற ஆம்பூல்ல 0.6 மி.கி. இருக்கு. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு ஆரம்பமே 1.8 முதல் 3 மி.கி., அதாவது ஒரே தடவையில 3 முதல் 5 ஆம்பூல் நரம்புல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சுல சளி காயுதா, நாடி 80-க்கு மேல வருதா, பிரஷர் ஏறுதான்னு பார்த்து, போதலன்னா அளவை ரெட்டிப்பாக்கிக்கிட்டே போவாங்க. பெட்டியில இருக்கற ரெண்டு ஆம்பூல் அதுக்கு எந்த மூலைக்கு? தப்பா வெயில் மயக்கத்துக்குப் போட்டுட்டா வேர்வை நின்னு உடம்பு கொதிக்கும். பாம் (PAM, பிராலிடாக்சைம்) ங்கற இன்னொரு முறிவு ஊசி இருக்கற ஆஸ்பத்திரியா தேடி அலையவும் வேண்டாம். அதுல பலன் இருக்கான்னு 1990-கள்லயே வேலூர் சிஎம்சியில ஆய்வு பண்ணி, பெருசா ஒண்ணும் இல்லைன்னு எழுதினாங்க. வேற ஊர் ஆய்வுங்க வேற மாதிரியும் வந்திருக்கு, அது டாக்டருங்க வழக்கு. நீங்க தேட வேண்டியது அட்ரோபினும் வென்டிலேட்டரும்.

ரெண்டாவது கேள்விதான் எனக்குப் பெருசாப் படுது. முதல் நாள் தெளிஞ்ச ஆள், சாப்பிட்டு எழுந்து உட்கார்ந்த ஆள், 24 முதல் 96 மணி நேரத்துக்குள்ள மறுபடி மூச்சு நிக்கலாம். வாயில ஒழுகல் எதுவும் இருக்காது, அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. கழுத்துலதான் முதல்ல தெரியும். மல்லாக்கப் படுக்க வச்சுத் தலையைத் தலையணையிலேருந்து தூக்கச் சொல்லுங்க. தூக்கி அப்படியே நிறுத்த முடியலன்னா, கண் இமை சொருகினா, தோள்பட்டை பலமில்லன்னா, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ‘சரியாயிடுச்சே, எதுக்கு இன்னும் வார்டுல’ன்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிக்கிட்டு வராதீங்க. அதையும் தாண்டி ஒண்ணிலேருந்து மூணு வாரத்துல ஆடுசதை வலி, பாதம் மரத்துப்போறது, செருப்பு நழுவறதுன்னு வந்தாலும் காட்டணும்.

திரும்ப டேங்க் தூக்கறது நாள் கணக்குல இல்ல. ரத்தத்துல கோலினெஸ்டரேஸ், அதாவது மருந்து முடக்கிப் போடற அந்த நொதி, எவ்வளவு இருக்குன்னு பார்த்துதான் சொல்லணும். சிவப்பணுவுல இருக்கற அந்த நொதி நாளைக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் ஏறும், புது அணு வந்தாத்தான் உண்டு. அது ஏறாம மறுபடி அடிச்சா, முன்ன தாங்கின அளவுல பாதியே இந்தத் தடவை சாய்ச்சுடும். சீசனுக்கு முன்னாடி, ஒரு மாசமாவது மருந்தைத் தொடாம இருக்கும்போது, ஆறு பேருக்கும் ஒரு தடவை பார்த்து எழுதி வச்சுக்குங்க. அவரவர் சொந்த அளவிலேருந்து 30 சதவீதம் குறைஞ்சா அவருக்குத் தண்ணி பாய்ச்சற வேலையைக் கொடுங்க.

போலீஸ் விஷயம். எம்எல்சி (போலீசுக்குத் தகவல் சொல்ற மருத்துவ-சட்டப் பதிவு) போடறது ஆஸ்பத்திரி வழக்கம், ஒரு பதிவுதான். கொல்லியில மருந்து பட்டதுக்கு யாரும் யாரையும் கைது பண்ணப் போறதில்ல. போலீஸ் வந்தாத்தான் பார்ப்போம்னு எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது, உச்ச நீதிமன்றம் 1989-லயே சொல்லிடுச்சு. தானா குடிச்சதா இருந்தாலும் மறைக்காதீங்க. 2017 மனநலச் சட்டம் அவங்களைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவங்கன்னுதான் பார்க்கச் சொல்லுது. 2024 ஜூலையில வந்த புதுக் குற்றச் சட்டத்துல, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கின பழைய 309 பிரிவே இல்ல. ‘தவறிப் போய் வாயில பட்டுது’ன்னு பொய் சொன்னா அளவு தப்பாத் தெரியும், வைத்தியமும் தப்பாப் போகும். ஆள் தெளிஞ்ச பிறகு மனநல டாக்டரைப் பார்க்காம வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க, வீட்டுல இருக்கற டப்பாவையும் அதுக்குள்ள அப்புறப்படுத்திடுங்க. பேச ஆள் வேணும்னா 14416, 104 ரெண்டும் எந்நேரமும் உண்டு. இதையும் தாளுல போடுங்க.

---

உரக்கடை மூலை பதில்:

பெட்டிக்கு: நைட்ரைல் கையுறை ஆறு ஜோடி, சோப்பு, ஷாம்பூ பாக்கெட், மொட்டை முனைக் கத்தரி, இரண்டு பழைய வேட்டி, ஒரு லுங்கி, தடிமனான பாலித்தீன் பை, டார்ச், பேனா, எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் எண் 1800 116 117. அந்த எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், சுகாதார நிலைய மருத்துவரும் கேட்டுக்கொள்ளலாம். ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு வையுங்கள், வெயில் மயக்கத்துக்கு, நினைவோடு இருப்பவருக்கு மட்டும்.

ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மருந்துத் துளியை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மூச்சு இழுப்பதுதான் அது. என்95 துளியைத் தடுக்கும், இசி மருந்தின் ஆவியைத் தடுக்காது. மருந்து கலக்குகிறவருக்காவது பழுப்புப் பட்டை போட்ட ஆவி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள். கத்திரிக்கு நாசிலைக் கீழே பிடிப்பதால் சட்டைக் கையைக் கையுறைக்கு மேலே விடவேண்டும். குடியாத்தம் பக்கம் மாமரத்துக்கு அண்ணாந்து அடிக்கிறவர்கள் மாற்றிச் செய்யவேண்டும், கையுறை மேலே. இல்லையென்றால் மருந்து முழங்கை வழியாக அக்குளுக்கே போய்விடும். நாசில் அடைத்தால் வாய் வைத்து ஊதுவது இன்னும் நடக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை டேங்க்கிலேயே கட்டிவிடுங்கள். மூடி வாஷர் இரண்டு உபரியாக இருக்கட்டும்.

2017-ல் மகாராஷ்டிரா யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்த பயிருக்குள் நின்று அடித்ததால் முகமும் மார்பும் முழுக்க நனைந்தது. பயிர் நெஞ்சுக்கு மேல் போய்விட்டால் அது அடிக்கிற வேலையே இல்லை, குளிக்கிற வேலை.

---

பாலாறு பாசனம் பதில்:

சிஸ்டர் சொன்னதைப் படிச்சேன். உப்புத் தண்ணி யோசனையைத் திரும்பப் பெறுறேன். தம்பி, சோப்பைப் பெட்டிக்குள்ள வைக்காதே, கயித்துல கோத்து டிரம் டேப்புலயே கட்டித் தொங்கவிடு. பெட்டியில வச்சா ரெண்டே நாள்ல எவன் வீட்டுக்காவது போயிடும்.

---

கொல்லிமேடு (அணைக்கட்டு) பதில்:

டிரம்முக்கு மூடியும் போடணும், ஐயா. ஆடு வந்து குடிச்சுட்டுப் போவுது.